ஒப்பந்தத்தை இன்னொருவர் கைக்கு மாற்றுவது எப்படி: வரவு ஒரு வழி, பொறுப்பு வேறு வழி

நடத்திக்கொண்டிருக்கிற தொழிலைக் கைமாற்றுகிறவர்கள், எடுத்த வேலையைப் பாதியில் தெரிந்தவருக்கு விட்டுக்கொடுக்கிறவர்கள், புக் பண்ணிய ஃபிளாட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு வெளியே வர நினைக்கிறவர்கள், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "என் பேரில் இருக்கிற அக்ரிமென்டை அவர் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டா அத்தோட என் கணக்கு முடிஞ்சுதா?" முடியாது. நீங்களும் புதிதாக வருகிறவரும் மட்டும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால், உங்களுக்கு வரவேண்டியது அவரிடம் போய்விடும், ஆனால் நீங்கள் செய்யவேண்டியது உங்கள் கழுத்திலேயே கிடக்கும். உங்களோடு முதலில் ஒப்பந்தம் போட்டவர் இருக்கிறாரே, அவரும் கையெழுத்துப் போட்டு "இனி உங்களைக் கேட்க மாட்டேன்" என்று விடுவித்தால்தான் பொறுப்பு இறங்கும். இந்த ஒரு விஷயம் பிடிபடாததால்தான் தொழிலை விற்று மூன்று வருஷம் கழித்தும் பழைய பார்ட்டியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வாங்குகிறார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் இந்தியச் சட்டத்தின்படி. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டமும் 1882-ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டமும்தான் அடிப்படை. 1962-ல் உச்ச நீதிமன்றம் கர்தா கம்பெனிக்கும் ரேமன் அண்ட் கம்பெனிக்கும் இடையிலான சணல் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஒப்பந்தத்தில் உள்ள உரிமையை மாற்றலாம், அது ஆளைப் பார்த்துக் கொடுத்த உரிமையாக இருந்தாலோ, சட்டமோ ஒப்பந்தமோ தடுத்திருந்தாலோ ஒழிய. கடமையை எதிர்த்தரப்பின் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது, சம்மதம் வாங்கி மாற்றினால் அது உண்மையில் ஒரு புது ஒப்பந்தம்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம், அப்போதுதான் கையில் பிடிபடும். திருப்பூரில் உங்களுக்கு ஒரு சின்ன பிரிண்டிங் யூனிட் இருக்கிறது, பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறீர்கள். அதை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்று முடிவு. மூன்று பார்ட்டிகளிடம் மொத்தம் 8 லட்சம் பில் பாக்கி நிற்கிறது. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு வேலை செய்து தர ஒப்புக்கொண்டு அட்வான்ஸும் வாங்கியிருக்கிறீர்கள். இடம் வாடகைக்கு. மெஷின் ஒன்று கடனில் ஓடுகிறது. இந்த நாலும் நாலு விதமாகப் போகும், ஒரே தாளில் "யூனிட்டை அனைத்து உரிமை மற்றும் பொறுப்புகளுடன் ஒப்படைத்தேன்" என்று எழுதினால் நாலுக்கும் பதில் கிடைக்காது.

முதல் வேலை, ஒப்பந்தத்தைப் பிரித்துப் போடுவது

எந்த ஒப்பந்தமானாலும் அதை முழுசாக ஒருமுறை படியுங்கள். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் உங்களுக்கு வரவேண்டியது, இன்னொரு பக்கம் நீங்கள் கொடுக்கவேண்டியது, செய்யவேண்டியது. பணம் மட்டும் எழுதாதீர்கள். பிரிண்ட் கழன்றால் திரும்பச் செய்து தருகிறேன் என்று சொன்னது, பார்ட்டி பிடித்து வைத்திருக்கிற தொகை, கொடுத்த டெபாசிட், தாமதமானால் கழிக்கும் அபராதம், ரகசியம் காக்கிறேன் என்ற வாக்கு, எல்லாமே வர வேண்டும்.

அப்புறம், மாற்றுவதைப் பற்றி அந்த ஒப்பந்தமே என்ன சொல்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், பொது நிபந்தனைகளுக்குள், யாரும் கவனிக்காத இடத்தில் இருக்கும். "முன் எழுத்துச் சம்மதமின்றி இந்த ஒப்பந்தத்தின் உரிமைகளையோ கடமைகளையோ மூன்றாம் நபருக்கு மாற்றக் கூடாது" என்று இருந்தால், முதல் கதவே எதிர்த்தரப்பின் கதவுதான், மீறி மாற்றினால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய அவருக்கு வாய்ப்பு கொடுத்துவிடுவீர்கள். சில ஒப்பந்தங்களில் உரிமையாளர்கள் மாறினாலே, அதாவது கூட்டு நிறுவனத்தில் பார்ட்னர் மாறினாலே சம்மதம் வேண்டும் என்று எழுதியிருப்பார்கள், அதையும் பாருங்கள். ஆரம்பத்தில் தரப்பினரைக் குறிப்பிடும் இடத்தில் "வாரிசுகள், உரிமை மாற்றம் பெற்றவர்கள் உட்பட" என்று இருந்தால் உங்களுக்குச் சாதகம்தான், ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். நீதிமன்றம் ஒப்பந்தம் முழுவதையும் வைத்துத்தான் நோக்கத்தைப் பார்க்கும்.

எதுவுமே எழுதவில்லை என்றால்? வரவை மாற்றத் தடையில்லை. பொறுப்பை மாற்ற அப்போதும் சம்மதம் வேண்டும்.

வரவேண்டிய பணத்தை மாற்றுவது

இதுதான் எளிது, ஆனால் எளிது என்பதாலேயே அசட்டையாகச் செய்து கெடுக்கிறார்கள். அடமானமோ ஈடோ இல்லாத கடன், அதாவது சும்மா பில் பாக்கி, இதை மாற்ற சொத்து மாற்றுச் சட்டத்தின் 130-ஆவது பிரிவு ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறது: எழுத்தில் இருக்க வேண்டும், மாற்றிக் கொடுப்பவரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பாக்கிக்காரரின் சம்மதம் தேவையில்லை. கையெழுத்துப் போட்ட நிமிஷத்திலேயே உரிமை புதியவருக்குப் போய்விடுகிறது. வாய்ப்பேச்சாக "அந்த 8 லட்சத்தை நீங்களே வாங்கிக்குங்க" என்றால் போகாது.

அந்தத் தாளில் பார்ட்டி பெயர், பில் எண், தேதி, தொகை, இதுவரை வந்தது, மீதி எல்லாம் பில்வாரியாக இருக்கட்டும். "எனக்கு வரவேண்டிய அனைத்து பாக்கிகளும்" என்று மொத்தமாக எழுதினால் பின்னால் எது இதில் சேர்ந்தது, எது சேரவில்லை என்று சண்டை வரும்.

இதற்குப் பிறகு உடனே செய்யவேண்டியது நோட்டீஸ். மாற்றம் செல்ல நோட்டீஸ் கட்டாயமில்லை, ஆனால் நோட்டீஸ் போகிற வரைக்கும் பாக்கிக்காரர் பழைய ஆளுக்கே பணம் கொடுத்தால் அந்தக் கொடுக்கல் செல்லும், புதியவர் அவரிடம் மறுபடி கேட்க முடியாது. எனவே புதியவராக வருகிறவர் அன்றைக்கே நோட்டீஸ் போனதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். 131-ஆவது பிரிவுப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், மாற்றிக் கொடுப்பவர் கையெழுத்து வேண்டும், புதியவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். பழையவர் கையெழுத்துப் போட மறுத்தால் புதியவரே அனுப்பலாம், சட்டம் அந்த வழியையும் திறந்து வைத்திருக்கிறது.

வாசகம் இப்படி இருந்தால் போதும்:

"தங்களுக்குச் செய்துகொடுத்த அச்சு வேலைக்காக கீழ்க்கண்ட பில்களின்படி எனக்கு வரவேண்டிய மீதித் தொகையை இன்ன தேதியிட்ட பத்திரத்தின் மூலம் இன்னாருக்கு, இன்ன முகவரி, முழுமையாக மாற்றிக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் கிடைத்தது முதல் அத்தொகையை அவருக்கு மட்டுமே, கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். அவர் கொடுக்கும் ரசீதே செல்லுபடியாகும்."

கீழே பில் விவரம், பழையவர் கையெழுத்து. பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தோடு ஒன்று, கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு ஈமெயில் ஒன்று. நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி நீல டிக் வந்ததை நம்பி உட்காராதீர்கள். வங்கிக் கணக்கு மாறுவதால் பல கம்பெனிகள் மோசடியோ என்று சந்தேகப்பட்டுப் பணத்தை நிறுத்தி வைப்பார்கள். பழையவரே ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டால் அந்தத் தாமதம் குறையும்.

இனி, வாங்குகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது 132-ஆவது பிரிவு. பழையவருக்கு எதிராகப் பாக்கிக்காரருக்கு என்னென்ன வாதம் இருந்ததோ அதெல்லாம் புதியவருக்கு எதிராகவும் இருக்கும். 3 லட்சம் பில் என்று காகிதத்தில் இருக்கும், ஆனால் ஆயிரம் பீஸ் சாயம் ஒட்டி ரிஜெக்ட் ஆனதற்கு 70 ஆயிரம் கழிக்கவேண்டும் என்று பார்ட்டி ஏற்கெனவே சொல்லியிருந்தால், நீங்கள் வாங்கியது 2 லட்சத்து 30 ஆயிரத்தைத்தான். "அது அவருக்கும் உங்களுக்கும் உள்ளது, எனக்குத் தெரியாது" என்ற பேச்சு எடுபடாது. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பார்ட்டியிடமும் "இன்ன தேதியில் இவ்வளவு பாக்கி, கழிவு ஏதுமில்லை" என்று கையெழுத்தோடு பாக்கி உறுதிக் கடிதம் வாங்குங்கள். அதில் இன்னொரு லாபமும் உண்டு. இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று வருஷம்தான் காலம், கைமாறியதால் அந்தக் காலம் புதுசாகத் தொடங்காது, ஆனால் காலம் முடிவதற்கு முன் பாக்கிக்காரர் கையெழுத்துப் போட்டுக் கடனை ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து திரும்ப எண்ணத் தொடங்கலாம்.

மாற்ற முடியாதவையும் இருக்கின்றன. "அவன் ஒப்பந்தத்தை மீறினான், நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமையை உனக்குக் கொடுக்கிறேன்" என்றால் செல்லாது. வெறும் வழக்குப் போடும் உரிமையை மாற்ற முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவே சொல்கிறது. ஆளின் நாணயத்தைப் பார்த்துக் கொடுத்த சலுகையும் அப்படித்தான்: சாயக்கடைக்காரர் உங்களை நம்பி 60 நாள் கடனுக்குச் சரக்குப் போட்டால், அந்தக் கடன் சலுகையைப் புதியவருக்கு நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாது, அவர் போய்த் தன் நம்பிக்கையைத் தானேதான் சம்பாதிக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: நீதிபதிகள், வழக்கறிஞர்கள், நீதிமன்ற அலுவலர்கள் இப்படிப்பட்ட கடன் உரிமைகளை விலைக்கு வாங்க சட்டமே தடை போட்டிருக்கிறது. அதனால் "எங்க வக்கீலே அந்த பாக்கியை வாங்கிக்கிறேன்னு சொல்றார்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பில் பாக்கியைப் பணமாக்க ஒரு ஆளைத் தேடி அலைய வேண்டும் என்றும் இல்லை. சிறு, குறு தொழில்களுக்காக ரிசர்வ் வங்கி அனுமதியோடு இயங்கும் டிரெட்ஸ் தளங்கள் இருக்கின்றன. பெரிய கம்பெனி உங்கள் பில்லை ஏற்றுக்கொண்டால் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஏலம் கேட்டு, கொஞ்சம் கழித்துக்கொண்டு பணத்தை உடனே கொடுத்துவிடும். அதுவும் உரிமை மாற்றம்தான்.

பொறுப்பை இறக்கி வைப்பது

இப்போது கஷ்டமான பக்கம். அந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு இரண்டு மாதத்து வேலை பாக்கி இருக்கிறதே, அதைப் புதியவரிடம் விடுவது எப்படி?

முதலில் அது ஆளைப் பார்த்துக் கொடுத்த வேலையா என்று கேளுங்கள். ஓவியர் ஒருவர் படம் வரைந்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டால் அவரேதான் வரைய வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு உதாரணமே கொடுக்கிறது. உங்கள் கைவண்ணத்துக்காக, உங்கள் டிசைனுக்காக வந்த வேலை என்றால் வேறு ஆளை வைத்துச் செய்யவே முடியாது. சாதாரண ஜாப் ஒர்க் அப்படி இல்லை, தகுதியான ஆளை வைத்துச் செய்துகொடுக்கலாம்.

அப்படி என்றால் உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று உள்குத்தகை மாதிரி சப்-கான்ட்ராக்ட்: புதியவர் வேலையைச் செய்வார், ஆனால் கம்பெனிக்குப் பதில் சொல்லவேண்டியது நீங்கள். பிரிண்ட் கழன்றால் அபராதம் உங்கள் தலையில். புதியவரிடமிருந்து நீங்கள் வசூலித்துக்கொள்ளலாம், அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான விஷயம். இந்த வழியில் எதிர்த்தரப்பின் கையெழுத்து பெரும்பாலும் தேவையில்லை, ஒப்பந்தத்தில் சப்-கான்ட்ராக்ட் கூடாது என்று இருந்தால் தவிர.

இன்னொன்று 62-ஆவது பிரிவு காட்டும் வழி, முத்தரப்பு ஒப்பந்தம். அந்தப் பிரிவில் இருக்கிற உதாரணம் பளிச்சென்று இருக்கும்: ஒருவர் இன்னொருவருக்குப் பணம் தரவேண்டும், மூன்று பேரும் சேர்ந்து இனி மூன்றாமவர்தான் கடன்காரர் என்று ஒப்புக்கொண்டால் பழைய கடன் தீர்ந்தது, புதுக் கடன் பிறந்தது. அதே பிரிவில் இன்னொரு உதாரணமும் உண்டு, அதில் பணம் வாங்கவேண்டியவர் சம்மதிக்கவில்லை, அதனால் பழைய கடன் அப்படியே நிற்கிறது. நீங்கள் எந்த உதாரணத்தில் இருக்கிறீர்கள் என்பதை அந்த மூன்றாவது கையெழுத்துதான் தீர்மானிக்கும்.

முத்தரப்பு ஒப்பந்தத்தில் இருக்கவேண்டிய விஷயங்களைச் சொல்கிறேன். மூல ஒப்பந்தத்தின் தேதியும் விவரமும், அதன் நகல் இணைப்பாக. அப்புறம் வெட்டு தேதி, இதுதான் உயிர்நாடி: இந்தத் தேதிக்கு முன்னால் நடந்த வேலைக்கும் தவறுக்கும் யார் பொறுப்பு, அதற்குப் பின்னால் நடப்பதற்கு யார் பொறுப்பு. இதை எழுதாமல் விட்டால், ஜூன் மாதம் நீங்கள் அனுப்பிய சரக்கில் ஆகஸ்டில் குறை கண்டுபிடித்தால் இருவரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவீர்கள். வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு மீதி, அதைப் பழையவர் புதியவருக்குக் கொடுத்துவிட்டாரா, பார்ட்டி பிடித்து வைத்திருக்கும் தொகை யாருக்கு, பார்ட்டி கொடுத்த துணியும் ஸ்கிரீனும் எவ்வளவு யாரிடம் இருக்கிறது, இதெல்லாம் ஒரு பட்டியலாக. எல்லாவற்றுக்கும் மேலாக விடுவிப்பு வரி:

"வெட்டு தேதி முதல் மூல ஒப்பந்தத்தின் கடமைகள் அனைத்தையும் புதிய தரப்பினர் ஏற்றுக்கொள்கிறார். அத்தேதிக்குப் பின் எழும் எந்தக் கடமைக்கும் பழைய தரப்பினரைப் பொறுப்பாக்குவதில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டு அவரை முழுமையாக விடுவிக்கிறது."

"புதிய தரப்பினர் ஏற்றுக்கொள்கிறார்" என்ற முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிற ஒப்பந்தங்கள்தான் அதிகம். ஏற்றுக்கொள்வது வேறு, விடுவிப்பது வேறு. விடுவிப்பு இல்லாத தாளில், கம்பெனிக்கு இரண்டு பேர் பொறுப்பாளிகள் ஆகியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதேபோல "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று கம்பெனி கொடுக்கும் கடிதமும் மாற்றத்துக்கான சம்மதமே தவிர உங்களை விடுவித்ததாக ஆகிவிடாது. கடிதம் வாங்கும்போதே அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

கையெழுத்துப் போடுபவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதும் முக்கியம். கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் நல்லவராக இருக்கலாம், பத்து வருஷப் பழக்கமாக இருக்கலாம், ஆனால் கம்பெனியை ஒப்பந்தத்தில் கட்டுப்படுத்த அவருக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். மூல ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போட்டாரோ அவரோ, டைரக்டரோ, அதிகாரக் கடிதம் உள்ளவரோ போடட்டும்.

நீங்கள் அந்த எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் வேறு எச்சரிக்கை. புதிய ஆள் சரக்கைக் கொண்டுவந்து இறக்குகிறார், நீங்களும் பேசாமல் வாங்கிக்கொண்டு பணமும் கொடுக்கிறீர்கள். அப்படி மூன்றாம் நபர் செய்ததை ஏற்றுக்கொண்ட வேலைக்கு, பழையவரிடம் திரும்பப் போய் "நீ செய்து கொடு" என்று கேட்க முடியாது என்று 41-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே சம்மதம் இல்லை என்றால் முதல் லோடு வரும்போதே எழுத்தில் சொல்லுங்கள். ஜாமீன் போட்டவர் இருந்தால் இன்னும் கவனம்: பழைய கடன்காரரை விடுவித்தால் அவருக்காக ஜாமீன் நின்றவரும் விடுபட்டுவிடுவார். புதியவருக்குப் புது ஜாமீன் வாங்காமல் விடுவிப்பில் கையெழுத்துப் போடாதீர்கள். இதையே திருப்பிப் பார்த்தால், நண்பருக்காக மெஷின் லோனில் ஜாமீன் போட்டவர் அந்தத் தொழில் கைமாறுகிறது என்று கேள்விப்பட்டால், உடனே வங்கிக்குப் போய்த் தன் நிலை என்ன என்று எழுதிக் கேட்க வேண்டும்.

மெஷின் கடன் விஷயத்தில் சுற்றி வளைக்க வழியே இல்லை. வங்கி சம்மதிக்காமல் "இ.எம்.ஐ. நான் கட்டிக்கிறேன்" என்று புதியவர் சொல்வதை நம்பிக் கொடுத்தால், அவர் கட்டாத மாதம் சிபில் ஸ்கோர் விழுவது உங்களுக்கு. கடனை முடித்துவிட்டு மெஷினைக் கொடுங்கள், அல்லது புதியவர் தன் பேரில் புதுக் கடன் எடுத்து உங்கள் கடனை அடைக்கட்டும். ஆனால் வங்கிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. உங்களிடமிருந்து வரவேண்டிய கடனை இன்னொரு வங்கிக்கு அது மாற்றிக்கொள்ளலாம், 2010-ல் உச்ச நீதிமன்றம் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி வழக்கில் அதை ஒப்புக்கொண்டது. காரணம் அதேதான், வங்கிக்கு இருப்பது வரவு, உங்களுக்கு இருப்பது பொறுப்பு.

வாடகை இடம்

சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, வேறு நிபந்தனை இல்லாவிட்டால் குத்தகைதாரர் தன் உரிமையை மாற்றலாம் என்கிறது, ஆனால் மாற்றியதாலேயே அவருடைய பொறுப்பு நின்றுவிடாது என்றும் அதே மூச்சில் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் அதற்கும் மேலே போய், வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடவோ மாற்றவோ கூடாது என்கிறது. ஆகவே நல்ல வழி, பழைய வாடகை ஒப்பந்தத்தை முடித்து, சாவியையும் டெபாசிட்டையும் கணக்கு தீர்த்து, புதியவர் பேரில் புது ஒப்பந்தம் போடுவது. டெபாசிட்டைப் புதியவர் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரரிடம் இருப்பது புதியவருடையது என்று வீட்டுக்காரரே எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் சரி. இடத்தை வீட்டுக்காரர் விற்றால் புது உரிமையாளருக்கு வாடகை போகும், ஆனால் விற்றது தெரியாமல் பழையவரிடம் கொடுத்த வாடகையைத் திரும்பக் கேட்க முடியாது.

நிலத்துக்கும் ஃபிளாட்டுக்கும்

கிரய ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பத்திரம் ஆவதற்கு முன்னால் அதை லாபத்துக்கு இன்னொருவருக்கு மாற்றிவிடுவது நம் ஊரில் சகஜம். இதில் வாங்குகிற மூன்றாமவர்தான் பெரும்பாலும் மாட்டுகிறார். 2019-ல் குஜராத்திலிருந்து வந்த கபிலாபென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கவனியுங்கள்: முதலில் ஒப்பந்தம் போட்டவர் மீதி விலையைக் கொடுக்கவேண்டிய கடமை பாக்கி இருக்கும்போது, நில உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் அதை மாற்றினால், மாற்றி வாங்கியவர் உரிமையாளரிடம் பத்திரம் போட்டுக்கொடு என்று கேட்க முடியாது. அதாவது அவர் கொடுத்த பணத்துக்கு, நடுவில் இருந்தவரைத்தான் துரத்த வேண்டும்.

எனவே நில உரிமையாளர் கையெழுத்தில்லாத மாற்றத்தை வாங்காதீர்கள். "அவருக்குத் தெரியும், பேசிட்டேன்" என்று நடுவில் இருப்பவர் சொன்னால், தெரிந்தவரைக் கூட்டி வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அசையாச் சொத்துக்கான கிரய ஒப்பந்தமே பதிவு செய்யப்பட வேண்டும், ஆகவே மூல ஒப்பந்தம் பதிவானதா என்று வில்லங்கச் சான்றில் பாருங்கள், மாற்றத்தையும் பதிவு செய்யுங்கள். முத்திரைத் தீர்வை எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன்பே சார் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொண்டால் கடைசி நேரத்தில் திண்டாட வேண்டாம்.

கட்டிக்கொண்டிருக்கிற ஃபிளாட் என்றால் பில்டரின் ஒப்பந்தத்தில் மாற்றத்துக்கென்றே ஒரு பத்தி இருக்கும், மாற்றுக் கட்டணமும் இருக்கும். அது எவ்வளவு, யார் கட்டுவது என்று விலை பேசும்போதே பேசிவிடுங்கள். வீட்டுக் கடன் போட்டிருந்தால் வங்கி, பில்டர், நீங்கள் என்று ஏற்கெனவே ஒரு முத்தரப்பு ஒப்பந்தம் இருக்கும், அதை முடிக்காமல் பில்டரும் நகர மாட்டார். மறுபக்கம், பில்டரே தன் திட்டத்தை வேறு பில்டருக்குக் கைமாற்ற நினைத்தால், வீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ரேரா சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி மூன்றில் இரண்டு பங்கு வாங்குநர்களின் முன் எழுத்துச் சம்மதமும், ரேரா ஆணையத்தின் எழுத்து அனுமதியும் வேண்டும். புது பில்டர் வந்ததைக் காரணம் காட்டி வீடு தரவேண்டிய காலத்தை நீட்டிக்கவும் முடியாது. உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சம்மதப் படிவம் சுற்றி வந்தால், பழைய பில்டர் கொடுத்த வாக்குறுதிகளைப் புதியவர் எழுத்தில் ஏற்றிருக்கிறாரா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், ஏனென்றால் உங்களிடம் பேரம் பேச ஏதாவது இருக்கிற ஒரே நேரம் அதுதான்.

சின்னதாகச் சில. ஆயுள் காப்பீட்டு பாலிசியை மாற்றிக் கொடுக்க எழுத்தும், ஒரு சாட்சியின் கையெழுத்தும், காப்பீட்டு நிறுவனத்துக்கு நோட்டீஸும் வேண்டும். வெளி ஆளுக்கு மாற்றினால் பழைய நாமினி தானாகவே ரத்தாகிவிடுவார் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இன்னும் தள்ளி எடுக்காத சீட்டை மாற்ற எழுத்தும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், அதைச் சீட்டு நடத்துபவரிடம் கொடுத்துப் பதிய வைக்க வேண்டும். யூனிட்டோடு டெம்போவையும் விற்கிறீர்கள் என்றால், ஆர்.சி. பெயர் மாறாத வரை விபத்து நஷ்ட ஈடு பதிவில் உள்ள உங்களைத்தான் தேடி வரும், 2018-ல் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. வேலையாட்களை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். மெஷினோடு சேர்த்து ஆட்களையும் ஒப்படைத்தேன் என்று எழுதுவது செல்லாது, எழுதவும் கூடாது. ஒவ்வொருவரிடமும் பேசி, பாக்கிச் சம்பளம், பி.எஃப்., சர்வீஸ் எல்லாம் என்னவாகும் என்று எழுத்தில் கொடுத்து, அவர்கள் விருப்பத்தோடுதான் புதியவரிடம் போக வேண்டும்.

எதிர்த்தரப்பு சம்மதிக்கவே இல்லை என்றால்

இது நிறைய நடக்கும். கம்பெனிக்குப் புதியவரைத் தெரியாது, உங்களை விடுவிக்க அவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை. அப்போது கட்டாயப்படுத்த வழியில்லை, ஆனால் உங்களைக் காத்துக்கொள்ள வழி உண்டு. வரவை மட்டும் மாற்றுங்கள், வேலையைச் சப்-கான்ட்ராக்டாகக் கொடுங்கள். புதியவரிடமிருந்து "என் வேலையால் உங்களுக்கு வரும் எந்த நஷ்டத்தையும், வழக்குச் செலவையும் நான் ஈடு செய்கிறேன்" என்று தனியாக எழுதி வாங்குங்கள். வெறும் தாள் போதாது, விற்பனைத் தொகை போகப் புதியவரிடமிருந்து ஒரு டெபாசிட் தொகையையும் வாங்கி, அந்த ஒப்பந்தம் முடிந்து குறை சொல்லும் காலமும் தாண்டும் வரை உங்கள் கையில் வைத்துக்கொள்ள ஒப்புக்கொள்ள வையுங்கள், ஏனென்றால் ஈடு செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவரிடம் அன்றைக்குப் பணம் இல்லாமல் போனால் நீங்கள்தான் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். ஒப்பந்தம் நீளமானது என்றால், அதிலேயே இருக்கும் நோட்டீஸ் காலத்தைக் கொடுத்து முறைப்படி முடித்துக்கொண்டு, புதியவர் நேராகக் கம்பெனியோடு பேசிப் புது ஒப்பந்தம் போடட்டும். என் கருத்தில் சிறு தொழில்களுக்கு இதுதான் பல நேரங்களில் சுத்தமான வழி, ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை.

கடைசியில் தாள்கள். முத்தரப்பு ஒப்பந்தம் மூன்று அசலாக, எல்லாப் பக்கத்திலும் மூவர் கையெழுத்தோடு, ஆளுக்கொன்று. நோட்டீஸ் நகலும் அது போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரமும், பாக்கி உறுதிக் கடிதங்களும், வெட்டு தேதியன்று எடுத்த சரக்குப் பட்டியலும் அதனோடு ஒரே ஃபைலில். யூனிட்டைக் கொடுக்கும்போது பழைய ஃபைல் எல்லாவற்றையும் புதியவரிடமே விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு, விடாதீர்கள். வெட்டு தேதிக்கு முந்தைய பில், டெலிவரி சலான், மூல ஒப்பந்தம் இவற்றின் நகல் உங்களிடமும் இருக்கட்டும், குறைந்தது அந்த மூன்று வருஷம் கடக்கும் வரைக்கும்.